மணி அடிப்பதற்குள் ஒரு கட்டுரை



கட்டுரை எழுதுவது ஒரு கலை. தேர்வு மண்டபத்தில், முன்பின் பாராத தலைப்பில், குறித்த நேரத்துக்குள் கட்டுரை எழுதுவது அதனினும் வேறான ஒரு கலை. வீட்டில் அழகாக எழுதும் பிள்ளை மண்டபத்தில் திணறுவதுண்டு. பேச்சில் கெட்டிக்காரனாக விளங்கும் பையன், தாளைக் கண்டதும் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் உண்டு. "என் பிள்ளைக்கு எல்லாம் தெரியும், எழுதத்தான் நேரம் போதவில்லை" என்று வருந்தும் பெற்றோர் அலோர் ஸ்டார் பட்டணத்திலும் உண்டு, சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் வட்டாரத் தோட்டங்களிலும் உண்டு.

நேரம் குறித்து எழுதச் சொல்லும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? யார், எதற்காகத் தொடங்கினார்கள்? நம் தோட்டப்புறப் பிள்ளைகளின் வாழ்வில் அது எவ்வாறு ஒரு வாசலாகவும், சில காலம் ஒரு பூட்டாகவும் இருந்தது? அந்த வரலாற்றை இன்று நாம் சிறிது எண்ணிப் பார்ப்போம். வரலாறு தெரிந்தால் பயம் குறையும். பயம் குறைந்தால் பயிற்சி எளிதாகும்.

தமிழரும் உடனடிப் புலமையும்

கேட்ட மாத்திரத்தில் பாடுவது தமிழருக்குப் புதிய செய்தியன்று. நம் முன்னோர் புலவர்களை ஆசுகவி, மதுரகவி, சித்திரகவி, வித்தாரகவி என்று நான்கு வகையாகப் பிரித்தனர். அவற்றுள் ஆசுகவி என்பவர், பிறர் ஒரு பொருளையோ ஓர் ஈற்றடியையோ கொடுத்தவுடன், தயங்காமல் பாட்டுக் கட்டித் தருபவர். கவி காளமேகம் அவ்வகையில் பெயர் பெற்றவர். நம் காலத்துக்கு அருகில், நாஞ்சில் நாட்டைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907-ஆம் ஆண்டு சென்னையில் சதாவதானம் செய்து காட்டினார். நூறு செயல்களில் ஒரே வேளையில் கருத்தைச் செலுத்தும் அந்த அரிய ஆற்றலால் 'சதாவதானி' என்னும் சிறப்புப் பெயர் அவருக்கு நிலைத்தது.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆசுகவியையும் சதாவதானியையும் மக்கள் வியந்து பாராட்டினார்கள். காரணம், அத்தகையோர் ஆயிரத்தில் ஒருவர். எல்லாரும் அப்படிச் செய்யவேண்டுமென்று அன்று யாரும் எதிர்பார்க்கவில்லை. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகினார்கள். பாடங்களை மனனம் செய்தார்கள். ஆசிரியர் கேட்க ஒப்பித்தார்கள். இன்றைய பள்ளியோ, கொடுத்த தலைப்பில் கொடுத்த நேரத்துக்குள் எழுதுமாறு ஒவ்வொரு பிள்ளையையும் கேட்கிறது. முன்பு ஒரு சிலரின் அற்புதமாக இருந்தது இன்று எல்லாருடைய கடமையாகிவிட்டது. அப்படியானால் அதனை எல்லாருக்கும் படிப்படியாகக் கற்றுக்கொடுத்தாக வேண்டும் அல்லவா? நம் பேச்சின் மையக் கருத்து இதுதான்.

சீனத்தில் பிறந்த தேர்வு

எழுத்துத் தேர்வால் ஆட்களைத் தெரிவு செய்யும் முறையைப் பெரிய அளவில் வளர்த்தவர்கள் சீனர்கள். ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் சூயி அரச மரபின் காலத்தில் அது தொடங்கியது. பிறகு வந்த தாங், சோங், மிங், சிங் அரச மரபுகள் அதனை வளர்த்தன. அரசாங்க அதிகாரியாக விரும்புவோர் தனித்தனிச் சிற்றறைகளில் அமர்ந்து எழுதினார்கள். உணவும் படுக்கையும் எடுத்துச் சென்று, இரவும் பகலும் அங்கேயே தங்கி எழுதிய தேர்வுகளும் இருந்தன.

சோங் மரபினர் செய்த ஓர் ஏற்பாடு மிகவும் போற்றத்தக்கது. எழுதியவரின் பெயரை மூடி ஒட்டினார்கள். கையெழுத்தைக் கண்டு ஆளை அடையாளம் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக, எழுத்தர்களைக் கொண்டு விடைத்தாளை வேறு தாளில் படியெடுத்தார்கள். அந்தப் படியையே தேர்வாளர் படித்துத் திருத்தினார். இவன் யார் மகன், எந்த ஊரான், பணக்காரனா ஏழையா என்பது திருத்துபவருக்குத் தெரியாது. எழுத்து ஒன்றே பேசிற்று. இன்று நம் பிள்ளைகள் எஸ்.பி.எம். தேர்வில் பெயருக்குப் பதிலாகத் தேர்வு எண்ணை எழுதுகிறார்களே, அதன் நோக்கமும் இதுவேதான்.

ஆனால் இதே சீனத் தேர்வு பின்னாளில் வேறொரு பாடத்தையும் நமக்குத் தந்தது. மிங் மரபின் காலத்தில் 'எட்டுக்கால் கட்டுரை' என்னும் வடிவம் நிலைபெற்றது. கட்டுரைக்கு எட்டு உறுப்புகள். ஒவ்வோர் உறுப்பும் இப்படித்தான் அமையவேண்டும் என்று விதி. தொடக்கத்தில் அது சிந்தனையை ஒழுங்குபடுத்த உதவியது. நாளடைவில் பழைய மாதிரிகளை மனனம் செய்து அச்சில் வார்ப்பதுபோல் வார்க்கத் தொடங்கினார்கள். வடிவம் நின்றது, சிந்தனை போயிற்று. கடைசியில் 1905-ஆம் ஆண்டு அந்தத் தேர்வு முறையே நீக்கப்பட்டது. மாதிரிக் கட்டுரைகளை வரிக்கு வரி நெட்டுருப் போடும் நம் மாணவர்கள் இதனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கப்பலில் வந்த கேள்வித்தாள்

பிரிட்டிஷார் இந்தியாவை ஆண்ட காலத்தில், கும்பினியின் உயர்ந்த உத்தியோகங்கள் வேண்டியவர்களுக்குச் சிபாரிசின் பேரில் வழங்கப்பட்டு வந்தன. அந்த வழக்கம் மாறி, 1855-ஆம் ஆண்டிலிருந்து போட்டித் தேர்வின் மூலம் ஆட்களை எடுத்தார்கள். இந்தியர்களும் எழுதலாம் என்றார்கள். ஆனால் 1922 வரைக்கும் அந்தத் தேர்வு லண்டனிலேயே நடந்தது! கடல் கடந்து செல்லப் பணமும் துணிவும் உள்ளவர்களே எழுத முடிந்தது. 1863-இல் சத்தியேந்திரநாத் தாகூர் அதில் தேறிய முதல் இந்தியரானார். கதவு திறந்திருக்கிறது என்று சொல்வது மட்டும் போதாது; கதவு வரை போவதற்குப் பாதை வேண்டும் என்பதை இந்தச் செய்தி நமக்கு உணர்த்துகிறது.

பள்ளி மாணவர்களுக்கான தேர்வுகளைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1858-இல் இங்கிலாந்தின் சில நகரங்களில் தொடங்கியது. பிறகு அது கடல் கடந்தது. நீரிணைக் குடியேற்ற நாடுகளான சிங்கப்பூர், மலாக்கா, பினாங்கு ஆகியவற்றில் 1891-இல் அந்தத் தேர்வு அறிமுகமாயிற்று. கேள்வித்தாள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. விடைத்தாள் கப்பலில் திரும்பிப் போயிற்று. முடிவு தெரிய மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். 'சீனியர் கேம்பிரிட்ஜ்' தேறியவர் என்றால் அந்நாளில் ஊரே திரும்பிப் பார்க்கும். கிராணி வேலையோ அரசாங்க உத்தியோகமோ ஆசிரியர் பணியோ அவருக்குக் காத்திருந்தது.

கெடா மாநிலம் 1909-ஆம் ஆண்டு வரை சயாமின் மேலாண்மையில் இருந்தது. அவ்வாண்டு ஒப்பந்தத்தால் பிரிட்டிஷாரின் பாதுகாப்புக்கு மாறியது. அதற்கு முந்தின ஆண்டாகிய 1908-இல் அலோர் ஸ்டாரில் அரசாங்க ஆங்கிலப் பள்ளி தொடங்கப்பட்டது. பின்னாளில் சுல்தான் அப்துல் ஹமீது கல்லூரி என்று பெயர் பெற்ற பள்ளி இதுவே. நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானும், நான்காம் பிரதமர் டாக்டர் மகாதீரும் அங்கே பயின்றவர்கள். டாக்டர் மகாதீரின் தந்தையார் முகமது இஸ்கந்தர் அப்பள்ளியின் முதல் தலைமையாசிரியர்.

துங்குவின் தேர்வுக் கதை நம் பிள்ளைகளுக்கு ஆறுதல் தரக்கூடியது. 1925-இல் கேம்பிரிட்ஜ் பட்டம் பெற்ற அவர், வழக்கறிஞர் தேர்வில் எளிதாகத் தேறிவிடவில்லை. உலகப் போர் முடிந்த பிறகு, நாற்பது வயதைக் கடந்த நிலையில், மீண்டும் இங்கிலாந்து சென்று படித்து 1949-இல் வழக்கறிஞரானார். எட்டே ஆண்டுகளில் நாட்டின் சுதந்திரத்தை முழங்கும் தலைவராக நின்றார். ஒரு தேர்வில் தவறியவரின் வாழ்வு அங்கேயே முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

தோட்டத்துப் பள்ளியின் நிலை

பட்டணத்து ஆங்கிலப் பள்ளி மாணவன் கேம்பிரிட்ஜ் தேர்வுக்குத் தயாரான அதே காலத்தில், தோட்டத்துப் பிள்ளையின் நிலை என்ன?

நம் நாட்டில் தமிழ்க் கல்வியின் தொடக்கம் 1816-இல் நிறுவப்பட்ட பினாங்கு இலவசப் பள்ளியோடு சேர்த்துப் பேசப்படுகிறது. தோட்டங்களில் பள்ளி பரவியது பிற்பாடுதான். கூட்டு மலாய் மாநிலங்களில் 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும் அதனைத் தொடர்ந்து 1923-ஆம் ஆண்டுச் சட்டமும், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்தவேண்டும் என்றன. கெடா அந்தக் கூட்டில் சேராத மாநிலம். ஆனால் இங்கும் ரப்பர்த் தோட்டங்கள் பெருகப் பெருக, லயங்களின் ஓரத்தில் பள்ளிக் கொட்டகைகள் எழுந்தன.

பல தோட்டங்களில் அது ஓராசிரியர் பள்ளி. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ, கிராணியோ, டிரெசரோ வாத்தியாராக இருந்ததும் உண்டு. எல்லா வகுப்புப் பிள்ளைகளும் ஒரே கொட்டகையில். பிள்ளைகளில் பலர் பெற்றோருக்கு நிரையில் உதவி செய்துவிட்டு வந்தவர்கள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே நின்றுவிட்டவர்களும் பலர். எழுதப் படிக்க வரும். கூட்டல் கழித்தல் வரும். ஆனால் ஒரு கேள்வியை ஆராய்ந்து, கருத்துகளை வரிசைப்படுத்தி, நேரத்துக்குள் ஒரு பக்கம் எழுதும் பயிற்சிக்கு இடமே இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு அறிவு குறைவு என்று யார் சொல்ல முடியும்? பயிற்சி கிடைக்கவில்லை, அவ்வளவே.

1946, 1947-ஆம் ஆண்டுகளில் பீடோங் வட்டாரத் தோட்டங்களில் தொண்டர் படை இயக்கம் எழுந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஹார்வர்டு தோட்டத்தில் ஏ.எம். சாமி அவர்களின் தலைமையில் இளைஞர்கள் கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றார்கள். அந்தப் போராட்டத்தைக் கூலிக்கும் மானத்துக்கும் நடந்த போராட்டமாகவே நாம் நினைவுகூர்கிறோம். அதற்குள் கல்விக்கான ஒரு செய்தியும் அடங்கியிருக்கிறது. மாலை நேரம் அமைதியாக இருக்கும் வீட்டில்தான் பிள்ளை உட்கார்ந்து எழுத முடியும்.

சுதந்திரத்துக்குப் பின்

1957-இல் நாடு சுதந்திரம் பெற்றபோது, மலாயாவில் 800-க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. அவை தேசியக் கல்வி முறைக்குள் வந்தன. ஆனால் ஆறாம் வகுப்பின் முடிவில் ஒரு பெரிய வாசல் நின்றது. இடைநிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு என்பது அதன் பெயர். ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கே மேலே இடம் கிடைத்தது. மற்றவர்கள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே பள்ளியைவிட்டு நின்றார்கள். தோட்டத்தில் அதற்கு ஒரே பொருள்தான்: கையில் உளி, தோளில் வாளி.

1960-ஆம் ஆண்டு ரஹ்மான் தாலிப் அறிக்கையும் 1961-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் வந்தபின், அந்த நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டது. 1965 முதல் எல்லாப் பிள்ளைகளும் மூன்றாம் படிவம் வரை படிக்க வழி பிறந்தது. தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் புகுமுக வகுப்பில் ஓராண்டு மொழிப் பயிற்சி பெற்று இடைநிலைப் பள்ளிக்குச் சென்றார்கள். பூட்டு கழன்றது. ஆனால் வாசற்படி இருந்தது. மூன்றாம் படிவத்தில் எல்.சி.இ.; 1978 முதல் அதன் இடத்தில் எஸ்.ஆர்.பி.; 1993 முதல் பி.எம்.ஆர். ஐந்தாம் படிவத்தில் எம்.சி.இ.யும் எஸ்.பி.எம்.மும். 1970-இல் தொடங்கி, ஆங்கிலப் பள்ளிகள் ஆண்டுக்கு ஒரு வகுப்பாகத் தேசிய மொழிக்கு மாறின. ஆகவே நம் பிள்ளை, தமிழில் ஆறாண்டு எழுதிப் பழகிவிட்டு, மலாய் மொழியில் பாடங்களுக்கு விடை எழுதி, ஆங்கிலத்திலும் ஒரு கட்டுரை எழுதவேண்டியவனானான். மூன்று மொழியில், மூன்று நடையில், கடிகாரத்தோடு போட்டி!

1988-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு வந்தது. தமிழ்ப் பள்ளிகளில் இது ஒரு புதிய ஊக்கத்தையே உண்டாக்கிற்று எனலாம். 'ஏழு ஏ' பெற்ற பிள்ளையின் படம் நாளிதழில் வந்தால் தோட்டமே மகிழ்ந்தது. அந்த ஏழில் ஒன்று தமிழ் எழுத்துத் தாள். இன்னொன்று மலாய் எழுத்துத் தாள். கருத்துணர்தல் வேறு, எழுதுதல் வேறு என்று பிரித்து மதிப்பிட்டதனால், கட்டுரைப் பயிற்சிக்குப் பள்ளிகளில் தனி நேரமும் தனி மதிப்பும் கிடைத்தன.

பள்ளிக்கு வெளியேயும் துணைகள் தோன்றின. பள்ளி வானொலி ஒலிபரப்பு 1966-இலும், கல்வித் தொலைக்காட்சி 1972-இலும் தொடங்கின. புத்தகக் கடை இல்லாத தோட்டத்துக்குள்ளும் வானொலி நுழைந்தது. 1982-இல் டாக்டர் மு. தம்பிராஜா அவர்கள் ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கினார். பல்கலைக்கழக மாணவர்களும் பட்டதாரிகளும் வார இறுதிகளில் இளையோருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் அந்த இயக்கம் நாடெங்கும் கிளை விட்டது. முன்னே சென்றவர் திரும்பிவந்து பின்னே வருபவருக்குக் கை கொடுத்தார். நம் சமூகத்தில் நடந்த மிக நல்ல காரியங்களுள் இதுவும் ஒன்று.

காலம் மீண்டும் மாறியது. யு.பி.எஸ்.ஆர். 2021-இலும், பி.எம்.ஆருக்குப் பின் 2014-இல் வந்த பி.தி.3 தேர்வு 2022-இலும் நீக்கப்பட்டன. சின்ன வயதிலேயே தேர்வுப் பாரம் வேண்டாம் என்பது நல்ல எண்ணமே. ஆயினும் இதில் ஓர் ஆபத்தும் உண்டு. முன்பு பன்னிரண்டு வயதிலும் பதினைந்து வயதிலும் பொதுத் தேர்வு மண்டபத்தில் உட்கார்ந்து பழகிய பிள்ளை, பதினேழு வயதில் எஸ்.பி.எம். எழுதினான். அந்தப் படிகள் இல்லாதபோது, எஸ்.பி.எம். தேர்வே முதல் பெரிய மண்டபமாகிவிடக் கூடும். அங்கே மலாய் மொழியில் தேறாவிட்டால் சான்றிதழே இல்லை. 2013 முதல் வரலாற்றுப் பாடத்திலும் தேறியாக வேண்டும். ஆகவே நேரம் குறித்து எழுதும் பழக்கத்தை வீடும் பள்ளியும் முன்கூட்டியே தரவேண்டிய காலம் இது.

மரம் வெட்டுபவர் கற்றுத்தரும் பாடம்

இந்தப் பயிற்சியை விளங்கிக்கொள்ள நாம் தூரம் போகவேண்டியதில்லை. பால்மரம் வெட்டும் தொழிலையே பார்ப்போம். பெரட்டு முடிந்து, விடியுமுன் தொழிலாளி தம் நிரைக்குப் போகிறார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பது அவருக்குத் தெரியும். உளி ஆழமாகப் போனால் மரம் காயப்படும். மேலாகப் போனால் பால் வராது. முதல் மரத்திலேயே அரை மணி நேரம் நின்றால் கடைசி மரம் வெட்டப்படாமல் போகும். வெட்டி முடித்த பிறகு மங்கிலுள்ள பாலைச் சேகரிக்க நேரம் ஒதுக்க வேண்டும். இத்தனையும் அவர் மனத்துக்குள்ளேயே கணக்கிட்டு வைத்திருக்கிறார்.

தேர்வுக் கட்டுரையும் அப்படித்தான். முன்னுரையிலேயே பாதி நேரத்தைச் செலவிடும் மாணவன், முதல் மரத்தில் நின்றுவிட்டவன். தலைப்பை ஆழ்ந்து பாராமல் எழுதுபவன், பட்டையை மேலாகச் சீவுபவன். எழுதியதைத் திரும்பிப் படிக்காதவன், மங்கிலுள்ள பாலை விட்டுவிட்டு வீடு திரும்புபவன்.

ஒரு மணி நேரத்தில் எழுதவேண்டிய கட்டுரை என்று வைத்துக்கொள்வோம். முதல் ஐந்து நிமிடம் கேள்விகளைப் படித்துத் தலைப்பைத் தெரிவு செய்வதற்கு. அடுத்த ஐந்து நிமிடம் கருத்துகளைக் குறித்து வரிசைப்படுத்துவதற்கு. நாற்பது நிமிடம் எழுதுவதற்கு. கடைசிப் பத்து நிமிடம் படித்துத் திருத்துவதற்கு. 'எழுதாமல் யோசிக்கும் நேரம் வீண்' என்று பிள்ளைகள் நினைப்பார்கள். வீண் அன்று. நம் கெடாவில் அலோர் ஸ்டாரிலிருந்து குரூண் வரை, ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளத்துக்கு, அம்பு விட்டாற்போல ஓடும் வான் மாட் சாமான் கால்வாயைப் பார்த்திருப்பீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், இயந்திரம் இல்லாத காலத்தில் வெட்டியது. இரவில் தீப்பந்தங்களை வரிசையாக நிறுத்தி நேர்கோட்டைக் குறித்துக்கொண்டார்கள் என்று சொல்வார்கள். கோடு குறித்த பிறகே மண்வெட்டி இறங்கிற்று. கட்டுரைக்கும் முதலில் கோடு, பிறகு எழுத்து.

ஓர் எடுத்துக்காட்டு: 'தோட்டப்புறத்தில் நூல்நிலையம் இருப்பதன் நன்மைகள்' என்பது தலைப்பு எனக் கொள்வோம். இதில் மூன்று சொற்கள் முக்கியம்: தோட்டப்புறம், நூல்நிலையம், நன்மைகள். நூல்நிலையத்தின் வரலாற்றை ஒரு பக்கம் எழுதினால் அது விடை ஆகாது. பட்டணத்து நூல்நிலையத்தைப் பற்றி எழுதினாலும் பாதி விடைதான். முதலாவது, புத்தகம் வாங்க வசதியில்லாத பிள்ளைக்கு அது துணை. இரண்டாவது, இடநெருக்கடியான வீட்டில் படிக்க முடியாதவனுக்கு அமைதியான இடம். மூன்றாவது, பெரியவர்களும் நாளிதழ் படித்து உலகை அறிய வழி. இந்த மூன்று குறிப்புகள் தாளின் ஓரத்தில் இருந்தால், மூன்று பத்திகள் தயார். ஒவ்வொரு பத்திக்கும் தனக்குத் தெரிந்த ஓர் எடுத்துக்காட்டு சேர்த்தால் கட்டுரைக்கு உயிர் வந்துவிடும்.

இந்த 'தனக்குத் தெரிந்த' என்பதை நாம் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறோம். நம் பிள்ளைகள் பலர், மாதிரிக் கட்டுரையில் கண்ட கடற்கரையையும் மாளிகையையும் வருணிக்கிறார்கள். தாம் அன்றாடம் காணும் மரக்காட்டையும், பனி விலகாத காலையையும், செம்பனைக் குலையைத் தள்ளுவண்டியில் ஏற்றும் அப்பாவின் கைகளையும் எழுதுவதில்லை. அவை எழுதத் தகுந்தவை அல்ல என்று எண்ணுகிறார்கள் போலும்! நூறு தாள்களில் ஒரே கடற்கரையைப் படித்துக் களைத்த தேர்வாளருக்கு, உண்மையாகக் கண்ட ஒரு காட்சி எத்தனை இனிமையாக இருக்கும்! எட்டுக்கால் கட்டுரை மறைந்த காரணத்தை இங்கே மீண்டும் நினைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் செய்யக்கூடியவை

பயிற்சியை மூன்று படிகளில் தரலாம். முதல் மாதம் நேரக் கட்டுப்பாடு வேண்டாம். குறிப்பெடுத்து, வரிசைப்படுத்தி, முழுமையாக எழுதப் பழகட்டும். இரண்டாம் மாதம் தேர்வில் தரும் நேரத்தைவிடக் கால் மணி கூடுதலாகக் கொடுங்கள். மூன்றாம் மாதம் சரியான நேரம். வாரத்துக்கு ஒரு கட்டுரை போதும். ஆசிரியர் திருத்தித் தந்ததை அப்படியே மூடி வைக்காமல், அதே கட்டுரையை மறுபடியும் ஒருமுறை எழுதவேண்டும். புதிதாகப் பத்து எழுதுவதைவிட, திருத்திய ஒன்றை மீண்டும் எழுதுவது மிகுந்த பலன் தரும்.

"எங்களுக்கு அவ்வளவு படிப்பில்லையே, நாங்கள் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?" என்று பெற்றோர் கேட்கலாம். படிப்பு இல்லாவிட்டாலும் செய்யக்கூடியவை உண்டு. ஒரு பழைய டப்பாவில் தலைப்புகளைத் துண்டுத் தாளில் எழுதிப் போடச் சொல்லுங்கள். நீங்கள் ஒன்றை எடுத்துக் கொடுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நேரம் சொல்லுங்கள். அந்த ஒரு மணி நேரம் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் நிறுத்தி வையுங்கள். எழுதி முடித்ததும், "எங்கே தம்பி, படி கேட்போம்" என்று உட்கார்ந்து கேளுங்கள். பிறகு மூன்றே கேள்விகள்: தலைப்புக் கேட்டதைச் சொன்னாயா? சொன்னதற்கு எடுத்துக்காட்டுத் தந்தாயா? முடித்துவிட்டாயா, பாதியில் நின்றதா? இவற்றைக் கேட்பதற்குப் பட்டம் வேண்டியதில்லை. கேட்கும் பொறுமை இருந்தால் போதும். வாய்விட்டுப் படிக்கும்போது பிள்ளை தன் பிழையைத் தானே கண்டுகொள்ளும்; லகர, ழகர, ளகர மயக்கமும் அப்போது காதில் படும்.

அக்காள் அண்ணன்மாருக்கும் ஒரு வேண்டுகோள். எஸ்.பி.எம். முடித்து வேலைக்குப் போகும் நீங்கள், ஞாயிறு காலை ஒரு மணி நேரத்தைத் தோட்டத்துத் தம்பி தங்கைகளுக்குக் கொடுங்கள். உங்கள் தோட்டம் வீடமைப்புத் திட்டமாகி, குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிக்குப் போயிருந்தாலும், ஒரு கோயில் மண்டபமோ, ஒரு வீட்டின் முன்கூடமோ இதற்குப் போதும்.

நேயர்களே, ஒரு பிள்ளையின் முழு மதிப்பையும் எந்தத் தேர்வும் அளந்துவிடாது. அது நமக்குத் தெரியும். ஆனால் மேற்படிப்புக்கும் நல்ல தொழிலுக்கும் போகும் பாதையில் அந்த மண்டபம் இருக்கிறது. சீனத்திலிருந்து கெடா வரை நாம் பார்த்த வரலாறு ஒரே உண்மையைத்தான் சொல்கிறது. எழுதும் முறையைக் கற்றவர்கள் வாசலைக் கடந்தார்கள். அதனைக் கற்றுக்கொடுக்க ஆளில்லாதவர்கள் வெளியே நின்றார்கள். விடைத்தாளில் தோட்டத்தின் பெயர் இருக்காது, அப்பாவின் தொழில் இருக்காது, வீட்டின் அளவு இருக்காது. ஓர் எண்ணும், பிள்ளையின் எழுத்தும் மட்டுமே இருக்கும். அந்த எழுத்துக்கு வேண்டிய பயிற்சியை இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குவோம். ஒரு தாள், ஒரு பேனா, ஒரு கடிகாரம், அருகில் உட்கார்ந்து கேட்க ஒருவர்: இவை போதும்.